பந்திக்குச் சீட்டு எதற்கு?

விருந்தோம்பல் தமிழர்தம் தனிப் பண்பு என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். இத்தகைய இதழ்களிலும் அப்பொருள் பற்றி ஆண்டுக்கு ஒரு கட்டுரையேனும் வெளிவராமற் போவதில்லை. அந்த முழக்கத்தோடு என் குரலையும் சேர்க்க வேண்டும் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் எழுதுகோலை எடுத்தவுடன் நினைவுக்கு வந்தது வேறொன்று. நான் செய்த ஒரு தவறு அது. அதை எழுதி முடித்த பிறகு பெருமை பேச இடம் இருக்குமானால் பேசுகிறேன்.

நான் தில்லிக்குப் படிக்க வந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. ஞாயிறுதோறும் பூசைக்குப் போகும் கோவிலின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு கோவிலுக்கு மட்டும் உரிய குறைபோலத் தோன்றிவிடும். சென்ற ஆண்டு அக்கோவிலின் பங்குத் திருவிழாவன்று, வாயிலருகே மேசை போட்டு அமர்ந்து, நண்பகல் விருந்துக்குச் சீட்டு விற்றவன் நான். சீட்டு ஒன்று 150 ரூபாய், சிறுவர்க்குப் பாதி. இளைஞர் என்றும், கணக்குத் தெரிந்தவன் என்றும் நம்பி அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

இந்திப் பூசை முடிந்து ஆறேழு பெண்கள் மேசையருகே வந்தார்கள். “அண்ணா, இந்தச் சாப்பாடு யாருக்கு?” என்று அவர்களுள் மூத்தவள் கேட்டாள். “எல்லாருக்குந்தான். சீட்டு 150 ரூபாய்” என்றேன். அவள் திரும்பித் தோழியரைப் பார்த்தாள். பிறகு, “சரி அண்ணா” என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவர்களை அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் முகத்தில் வருத்தம் தெரிந்திருந்தால் எனக்கு அன்றே உறைத்திருக்கும். வருத்தம் இல்லை. இப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவளைப் போல இருந்தாள். நான் அடுத்தவருக்குச் சீட்டுக் கிழிக்கத் தொடங்கினேன்.

அப்பெண்கள் யார் என்பதைத் தில்லியில் வாழும் எவரும் ஒருவாறு அறிவர். சார்க்கண்டின் கும்லா, சிம்டேகா மாவட்டங்களிலிருந்தும், சத்தீஸ்கரின் ஜஷ்பூர்ப் பக்கமிருந்தும் வீட்டு வேலைக்காக இந்நகருக்கு வருகிறவர்கள். உராவ், முண்டா, கடியா என்னும் பழங்குடி மக்கள். 1885 இல் பெல்ஜிய நாட்டுச் சேசு சபைத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அப்பகுதிக்கு வந்தார். நிலத்தைப் பறிகொடுத்து நின்ற அம்மக்களுக்கு வழக்கு மன்றத்தில் துணை நின்றார். அதன் பின்னரே அங்கே கத்தோலிக்க சமயம் வேரூன்றியது. ஆகையால் சமயத்தில் அவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். மூன்று நான்கு தலைமுறைக் கிறித்தவர்கள். நம் பங்கில் பூசைக்கு வருகிறவர்களுள் கணிசமானோர் அவர்களே. ஆனால் கோவிலின் பின்வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு ஞாயிற்றுக்கிழமையின் சில மணி நேரமே. அதிலும் பிற்பகல் இரண்டு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கட்டளை இட்டிருக்கும் வீடுகள் உண்டு.

ஒரு மணிக்குச் சீட்டுக் கணக்கை ஒப்படைத்துவிட்டு, நோட்டுக்குச் சில்லறை மாற்ற எதிர்க் கடைக்குப் போனேன். பேருந்து நிறுத்தத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஒரு பிளாஸ்டிக் பை. அதில் பொரியும் வறுத்த கடலையும் பச்சை மிளகாயும். என்னைக் கண்டதும் அந்த மூத்தவள் பையை என் பக்கம் நீட்டி, “நீங்கள் சாப்பிட்டீர்களா அண்ணா?” என்றாள்.

நான் ஒரு கை பொரி வாங்கிக்கொண்டேன். உள்ளே போய் உட்கார்ந்தபோது என் முன் பிரியாணியும் இருந்தது. அன்று நாற்பது பேருக்கு மேல் உண்ணக்கூடிய சோறு மிஞ்சியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிஞ்சியதை மாலையில் ஓர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். அதை மறுநாள் அறிவிப்பிலும் பெருமையாகக் குறிப்பிட்டார்கள்.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். திருவிழா விருந்துக்குச் சீட்டு விற்பது தவறு. வசதிக் குறைவு, ஒழுங்குக் குறைவு என்பன போன்ற சில்லறைத் தவறு அன்று. கோவிலின் பெயருக்கே ஒவ்வாத தவறு.

பெயர் என்றேன். தமிழ்க் கத்தோலிக்கர் ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள மக்களையும் இடத்தையும் ‘பங்கு’ என்கிறோம். திருநெல்வேலிச் சீர்திருத்தச் சபையார் ‘சேகரம்’ என்கின்றனர். பங்கு என்றால் பாகம். ஒவ்வொருவருக்கும் உரிய கூறு. வீட்டில் அண்ணன் தம்பிக்குப் பங்கு உண்டு. அதை விலைக்கு வாங்குவார் இல்லை. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல்லின் மூலத்தைத் தேடினால் இன்னும் வியப்பாக இருக்கிறது. அது ‘பரோயிக்கியா’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள், தன் ஊரல்லாத ஊரில் அயலாராய்த் தங்கியிருத்தல். குடியுரிமை இல்லாமல் அண்டி வாழ்பவர்களின் கூட்டமே முதற் கிறித்தவர்களின் சபை. எனவே கிரேக்கப் பெயர் ‘நாம் எல்லோரும் வெளியூர்க்காரர்’ என்கிறது; தமிழ்ப் பெயர் ‘எல்லோருக்கும் இதில் பாகம் உண்டு’ என்கிறது. இவ்விரு பெயர்களையும் சுமந்துகொண்டு வாயிலில் மேசை போட்டு உட்கார்ந்தவன், கும்லாவிலிருந்து வந்தவளிடம் 150 ரூபாய் கேட்டான். நானும் தில்லியில் வெளியூர்க்காரன்தானே என்பது அப்போது அவனுக்கு நினைவில் இல்லை.

இந்தத் தடுமாற்றம் புதிதா என்றால் இல்லை. சபை தோன்றி முப்பது ஆண்டுகள் ஆகுமுன்பே தோன்றிவிட்டது. கொரிந்து நகரத்தார்க்குப் பவுல் எழுதிய முதல் மடலில் ஒரு பெருங்கோபம் தெறிக்கிறது. அங்கே ஆண்டவரின் விருந்துக்குக் கூடியவர்களுள் வசதி உள்ளோர் முன்னரே வந்து உண்டு குடித்து மயங்கினர். வேலை முடிந்து பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றனர். இப்படிக் கூடுவதற்குக் கூடாமலே இருக்கலாம் என்னும் அளவுக்குப் பவுல் கடிந்துகொள்கிறார். அதற்கும் முன்னால் எருசலேமில், கிரேக்கம் பேசிய கைம்பெண்களுக்கு அன்றாடப் பந்தியில் குறை வைக்கிறார்கள் என்ற முறையீடு எழுந்தது. அதைத் தீர்க்கவே எழுவர் நியமிக்கப்பட்டனர். பந்தி விசாரிக்க ஆள் வைத்ததுதான் சபை செய்த முதல் நியமனங்களுள் ஒன்று. அந்தக் கைம்பெண்கள் வேறு மொழி பேசியவர்கள் என்பதை நான் சென்ற ஆண்டுவரை கவனித்ததே இல்லை.

யாக்கோபின் மடல் இன்னும் நேரடியானது. பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் அழுக்காடை உடுத்தவனுக்குத் தரையும் காட்டுகிறவர்களை அவர் பழிக்கிறார். ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் தம் மடங்களுக்கு வகுத்த ஒழுங்கில் ஓர் அதிகாரம் முழுவதும் விருந்தினரைப் பற்றியது. ஏழைகளையும் வழிப்போக்கர்களையும் ஏற்பதில் தனிக் கவனம் வேண்டும் என்று அதில் விதிக்கிறார். செல்வர்க்கு மரியாதை சொல்லாமலே கிடைத்துவிடும், ஆதலால் அவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பது அவர் கருத்து. எவ்வளவு உலகறிவு!

பழைய சபையார் ஏமாளிகளாக இருந்தார்கள் என்று எண்ணவும் வேண்டாம். ‘திதாக்கே’ எனப்படும் மிகப் பழைய கிறித்தவ ஏடு, வழிப்போக்கனை இரண்டு மூன்று நாள் வைத்துச் சோறு போடு என்கிறது. அதற்கு மேல் தங்க விரும்பினால் தொழில் செய்து உண்ணட்டும் என்கிறது. நம் விடுதி அறையில் ‘இரண்டே நாள்’ என்று வந்து இரண்டு மாதம் தங்கிய விருந்தினரைக் கண்டவர்கள் அவ்வேட்டை எழுதியவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

என் ஊர் தூத்துக்குடிக்கு மேற்கே ஒரு சிற்றூர். அந்தோணியார் கோவில். அங்கே திருவிழாவின் இறுதியில் அசனம் நடக்கும். அசனம் என்றால் பொது உணவு. நேர்ந்துகொண்டவர் ஆடு கொண்டு வருவார், இன்னொருவர் அரிசி மூட்டை, மற்றொருவர் விறகு. ஒன்றும் இல்லாதவர் வந்து வெங்காயம் உரிப்பார். இரவெல்லாம் அண்டாக்கள் கொதிக்கும். எவர் கொடுத்தது எந்த அண்டாவில் இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. மறுநாள் தெருவில் வரிசையாக உட்கார்ந்து உண்போம். பேருந்தில் அவ்வழியே போகிறவரும் இறங்கி உட்காரலாம். அவர் என்ன மதம் என்று கேட்பாரில்லை. சீட்டு என்று ஒன்றை அங்கே என் ஆச்சியிடம் சொன்னால், “பேருந்துக்கா?” என்று கேட்பாள்.

இதோடு நிறுத்தினால் நானும் பெருமை பேசியவன் ஆவேன். அந்தப் பந்தியும் ஒரு காலத்தில் ஒரே பந்தியாக இருந்ததில்லை என்பதை ஆச்சியே எனக்குச் சொல்லியிருக்கிறாள். இன்ன தெருவார் உண்ட பிறகு இன்ன தெருவார். நம் தென்பாண்டிச் சீமையின் வரலாறு அது. வடக்கன்குளத்தில் 1872 இல் எழுந்த திருக்குடும்பக் கோவிலின் அமைப்பைக் கேள்விப்பட்டவர் இருப்பர். சாதியால் பிரிந்த மக்கள் ஒருவரை ஒருவர் காணாமல் ஒரே பீடத்தைக் காணும்படி, இரு கிளையாகப் பிரித்து, நடுவே சுவர் வைத்துக் கட்டினார்கள். 1910 இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. மீண்டும் அது வேண்டும் என்று சிலர் ஆயர்மீது வழக்குத் தொடுத்துச் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சீர்திருத்தச் சபைகளிலும் இதே நோய்தான். 1850 இல் சென்னையில் கூடிய மிஷனரிமார், எவர் சமைத்ததையும் எவரோடும் உட்கார்ந்து உண்ண இசையாதவன் சாதியை விட்டவன் ஆகான் என்று தீர்மானம் செய்தார்கள். ஞானஸ்நானம் பெறுவது எளிதாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சோறு உண்பது அரிதாக இருந்தது.

இன்றைய 150 ரூபாய்ச் சீட்டை அந்தச் சுவரோடு ஒப்பிடுகிறேனா என்று கோவிலில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். ஒப்பிடுகிறேன். சுவரைக் கட்டியவர்களுக்குத் தாம் செய்வது தெரிந்திருந்தது. நமக்கு அதுவும் தெரியவில்லை. உள்ளே இருந்தவர்கள் யார், வெளியே போனவர்கள் யார் என்று பார்த்தால், சீட்டு அவ்வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடித்திருக்கிறது.

எங்கள் பங்கார் கொடை குறைந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தவக்காலத்தில் உண்டியல் நிறைகிறது. 2020 இல் ஊரடங்கின்போது கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு மாவும் பருப்பும் பை பையாகக் கட்டிக் கொடுத்தவர்கள் இவர்களே. நானும் பை கட்டியவர்களைப் பின்னர் அறிந்து மதித்தவன். ஆனால் பை கொடுப்பது ஒன்று. பக்கத்தில் இடம் கொடுப்பது வேறொன்று. முன்னதில் கொடுப்பவன் கை மேலே இருக்கிறது. பின்னதில் இருவர் கையும் இலையில் இருக்கின்றன. வள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாகவும் ஈகையை இருபத்து மூன்றாம் அதிகாரமாகவும் வைத்து, இரண்டையும் தனித்தனியே பேசியிருப்பது காரணமில்லாமல் இராது. திரும்பத் தர இயலாதவர்க்குத் தருவதையே ஈகை என்று கொள்ளும் அவரும், திரும்ப அழைக்க இயலாத ஏழைகளையே விருந்துக்கு அழைக்கச் சொல்லும் லூக்கா நற்செய்தியும் சந்திக்கும் இடம் இது. எங்கள் சீட்டு இரண்டையும் தலைகீழாக்கியது. திரும்பத் தருவதற்குக்கூடப் பொறுக்காமல் முன்கூட்டியே வாங்கிக்கொண்டது.

மாணவ நண்பர்களுக்கு இங்கே ஒரு மாணவரை நினைவூட்ட விரும்புகிறேன். 1833 இல் பாரிசு நகரில் சட்டம் பயின்றுகொண்டிருந்த பிரெதெரிக் ஓசானாம், அறிவு விவாதங்களில் வல்லவர். கிறித்தவத்தின் பழம்பெருமையை அவர் வாதிட்டபோது, ‘பழையது இருக்கட்டும், இன்று ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?’ என்ற பொருளில் எதிர்வாதி ஒருவர் கேட்டுவிட்டார். அக்கேள்வி அவரைத் தைத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 23 ஆம் நாள், தம் இருபதாம் பிறந்தநாளன்று, சில தோழர்களோடு ஒரு சிறு குழுவைத் தொடங்கினார். அதுவே இன்று நம் பங்குகள் பலவற்றிலும் உள்ள வின்சென்ட் தே பால் சபை. அவர்களுக்கு வழிகாட்டிய ரோசாலி ரெந்து என்னும் கன்னியர், ஏழைகளை வரவழைத்துக் கொடுக்க வேண்டாம், அவர்கள் வீட்டுக்குப் போங்கள் என்ற பழக்கத்தில் அவர்களை ஈடுபடுத்தினார். ஏழையின் வீட்டில் நாம்தான் விருந்தாளி. அவர் போடும் முக்காலியில் உட்கார வேண்டும். தருவதைக் குடிக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் நான் வாங்கிய ஒரு கை பொரியின் அருமை, ஓசானாமைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அன்று விருந்தோம்பியவள் அவள், உண்டவன் நான்.

எங்கள் பங்குப் பேரவையில் இதைப் பேசினேன். பொருளாளர் நல்லவர், நடுவண் அரசு அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அவருடைய தடைகள் மூன்று. செலவுக்குப் பணம் எங்கே? எத்தனை பேர் என்று தெரியாமல் எப்படிச் சமைப்பது? இலவசம் என்றால் வெளியார் புகுந்துவிடுவார்களே?

மூன்றாவதற்கு முதலில் விடை சொன்னேன். வெளியார் புகட்டும். இதே நகரில் பங்ளா சாகிப் குருத்வாராவில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் லங்கரில் உண்கிறார்கள். நம் மாணவர்களுள் மாதக் கடைசியில் அங்கே போகாதவர் யார்? தலையை மூடிக்கொண்டு தரையில் வரிசையாக உட்கார வேண்டும், அமைச்சரானாலும் அவ்வளவுதான். அவ்வரிசையைச் சீக்கியர் ‘பங்கத்’ என்கிறார்கள். நாம் சொல்லும் ‘பந்தி’யும் அதே வேரில் கிளைத்த சொல்தான். அங்கே நாம் வெளியார் என்று எவரும் நம்மைத் தடுத்ததில்லை. சீக்கியர் சோற்றை உண்டு செரித்துவிட்டு, கிறித்தவர் சோற்றுக்கு மட்டும் காவல் போடுவது எந்த நியாயம்?

இரண்டாவது தடை நியாயமானது. சமைப்பவருக்கு எண்ணிக்கை வேண்டும். அதற்குப் பணம் வாங்க வேண்டியதில்லை. முந்தின இரண்டு ஞாயிறுகளில் பெயர் எழுதிக்கொண்டால் போதும். வாசலில் உட்கார்ந்து பெயர் கேட்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஐந்தாண்டாகப் பின்வரிசையில் நிற்பவர்களின் பெயர் எங்களுக்கு அப்போதாவது தெரியும்.

பணத்துக்கு வருகிறேன். என் விடுதி அறையில் உடன் இருப்பவர் மிசோரம் நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர். அவர்கள் ஊரில் ‘புஃபாய் தாம்’ என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலத்தில் போட்டு வைக்கிறாள். வாரந்தோறும் அதைத் திரட்டிச் சபைக்குச் சேர்க்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணம் புழங்காத மலையூர்களில் தொடங்கிய வழக்கம் அது. அதைக் கொண்டே சபையின் ஊழியங்கள் பெரிதும் வளர்ந்தன. கேரளத்தாரின் ‘பிடியரி’யும் நம் பக்கத்துப் பிடியரிசியும் இதன் உடன்பிறப்புகள். ஒரு பிடி அரிசி போடும் கை ஏழையின் கையா செல்வரின் கையா என்று கண்டுபிடிக்க முடியாது. 150 ரூபாய் தர முடியாதவளும் ஒரு பிடி அரிசி தரலாம். தந்தபின் அவள் விருந்தாளி மட்டும் அல்லள்; விருந்து வைப்பவளும் ஆவாள். இதுவே நான் விரும்பும் பகுதி. அவர்களுக்கு நாம் இலவசச் சோறு போடுகிறோம் என்ற நினைப்பு எங்கள் பங்காருக்கும் வரக்கூடாது, அவர்களுக்கும் வரக்கூடாது.

ஆகவே என் தீர்மானம் இவ்வளவே. திருவிழாவுக்கு முந்தின எட்டு ஞாயிறுகளில் கோவிலின் பின்புறம் ஒரு பானை வைப்பது. பணம் தர விரும்புவோர்க்கு, எவ்வளவு என்று பிறர் காணாதபடி மூடிய பெட்டி ஒன்று. பட்டியலில் நன்கொடையாளர் பெயர் அச்சிடுவதில்லை. முதற்பந்தி இந்திப் பூசை முடிந்தவுடனே, நண்பகலுக்கு முன்பாக. ஏனெனில் இரண்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டியவர்கள் அவர்கள். தமிழர், மலையாளிகள், கோவாக்காரர் தனித்தனி வட்டமாக உட்காராமல் கலந்து உட்காருவது. இதை எப்படிச் சட்டமாக்குவது என்பது எனக்கும் விளங்கவில்லை. சாமியார் முதலில் போய் நடுவே உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சங்கத்து நண்பர்கள் கோபித்தாலும் சரி. நம் பொங்கல் விழாவிலும் சாப்பாட்டுக்குச் சீட்டுத்தான். சென்ற பொங்கலன்று நம் விடுதியில் பாத்திரம் கழுவுகிறவர், பெருக்குகிறவர் ஆகியோருள் எத்தனை பேர் நம் சர்க்கரைப் பொங்கலைச் சுவைத்தார்கள்?

பேரவை வரும் மாதம் கூடுகிறது. சாமியார் இசைவாகத்தான் தலையசைக்கிறார். இவ்வாண்டு சீட்டு மேசைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுமாறு சொல்லிவிட்டேன். பொருளாளர் மட்டும் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, எட்டு வாரத்துக்கு அந்த அரிசியை வண்டு அரிக்காமல் யார் பார்த்துக்கொள்வது?” என்று கேட்டார். நான் என்று சொல்லியிருக்கிறேன். வேப்பிலை போட்டு வைத்தால் வண்டு வராது என்பாள் ஆச்சி. தில்லியில் வேப்பமரத்துக்குப் பஞ்சமில்லை.